பழைய செட்டிநாட்டு வீட்டு அறையை டிரெஸ்ஸிங் ரூம் ஆக்கணும், வார்ட்ரோப் எப்படி அடிக்கிறது?

வளவு_மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுதறேன், நீளமா போச்சுன்னா திட்டாதீங்க.

வீடு காரைக்குடி பக்கத்துல ஒரு கிராமம். எங்க வீட்டுக்காரரோட கொள்ளுத்தாத்தா காலத்துல கட்டினது, முகப்பு, வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டு எல்லாம் அப்படியே இருக்கு. இத்தனை வருஷம் மதுரைல இருந்தோம், இப்ப அவருக்கு வீட்ல இருந்தே வேலை, அயித்தைக்கும் வயசாயிடுச்சு, அதனால இங்கயே வந்துட்டோம். வளவைச் சுத்தி இருக்கிற அறைகள்ல ரெண்டு எங்களுக்கு. ஒண்ணு படுக்க, இன்னொண்ணை துணிமணி வைக்கவும் டிரெஸ் மாத்தவும் வச்சுக்கலாம்னு ஆசை. மதுரை ஃபிளாட்ல ஒரு ஆள் திரும்பினா இன்னொரு ஆள் வெளிய போகணும், அந்த மாதிரி இடத்துல பதினஞ்சு வருஷம் புடவை கட்டினவ நான், அதனால இந்த ஆசை பெரிய தப்பு இல்லன்னு நினைக்கிறேன்.

அறை உள்அளவு 11 அடிக்கு 8 அடி. உயரம் 12 அடி, மேல தேக்குப் பலகை மச்சு. 8 அடி சுவர்ல நடுவுல கதவு, அகலம் ரெண்டரை அடி, உயரம் அஞ்சரை அடி (வீட்டுக்காரர் இன்னும் வாரத்துக்கு ஒரு தடவை நெத்தில இடிச்சுக்கிறார்). எதிர் சுவர்ல மேல தள்ளி ஒரு சின்ன ஜன்னல், கம்பி போட்டது. தரை ஆத்தங்குடி கல். சுவர் அந்த வழவழ சுண்ணாம்புப் பூச்சு, சித்திரை வெயில்ல கூட கன்னத்தை வச்சா சில்லுன்னு இருக்கு. இப்ப உள்ள இருக்கிறது ஒரு பெரிய தேக்குப் பெட்டகம், கதவுல கண்ணாடி வச்ச ஒரு இரும்பு பீரோ, சுவத்துக்கு சுவர் ஒரு மூங்கில் கொடி. அவ்ளோதான்.

ஒரு இன்டீரியர் கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டு காட்டினோம். மூணு சுவரையும் தரைலேர்ந்து மச்சு வரைக்கும் வெள்ளை கிளாஸி அக்ரிலிக் போட்டு மூடி, ஃபால்ஸ் சீலிங் போட்டு, நடுவுல ஒரு ஐலண்ட் (தனியா நிக்கிற மேடை) வச்சு 3டி படம் அனுப்பினாங்க. 4 லட்சத்து 20 ஆயிரம். படத்தை அயித்தைகிட்ட காட்டினேன், கண்ணாடியைப் போட்டு ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "இது என்னத்தா, ஆசுபத்திரியா"ன்னு கேட்டாங்க. பெட்டகத்தை என்ன பண்ணுவாங்களாம்னு கேட்டா "டிஸ்போஸ் பண்ணிடலாம் மேம்"ங்கறான் அந்தப் பையன். அத்தோட விட்டுட்டோம்.

எனக்குத் தெரிய வேண்டியது, இந்த மாதிரி வீட்ல யாராச்சும் வார்ட்ரோப் அடிச்சிருக்கீங்களா? பிளைவுட்டா தேக்கா? சுவத்துல ஆணி அடிக்கலாமா? பட்டுப்புடவை ஒரு அறுபது இருக்கு, அயித்தையோடது தனி. அழகாவும் இருக்கணும், வீட்டுக்கு ஒட்டாமயும் போயிடக்கூடாது.

உளிச்சத்தம்

அக்கா, நான் தச்சு வேலை பரம்பரை, அப்பா ஆசாரி, நான் இப்ப தேவகோட்டைல சின்னதா பட்டறை வச்சிருக்கேன். உங்க பதிவுல எல்லாரும் கவனிக்காம போற ஒரு விஷயம் அந்தக் கதவு. ரெண்டரைக்கு அஞ்சரை. பெரிய ரெடிமேட் வார்ட்ரோப் முழுசா அந்த வாசல்ல நுழையறது கஷ்டம். நிலைக்கல்லு மாதிரி தடிமனா ஒரு வாசப்படி வேற இருக்கும். எங்ககிட்ட ஒருத்தர் ஆன்லைன்ல ஏழடி பீரோ வாங்கிட்டு, உள்ள போகலைன்னு வளவுல மழைக்கு நனையாம தார்ப்பாய் போட்டு மூணு மாசம் வச்சிருந்தார், கடைசில பாதியா அறுத்துத்தான் உள்ள கொண்டு போனோம், அறுத்தது நான்தான், அன்னைக்குப் பூரா மனசே சரியில்ல.

அப்படின்னா அந்தப் பெட்டகம் எப்படி உள்ள போச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. கழட்டி மாட்ற மாதிரி செஞ்சதா இருக்கும், இல்லன்னா அறைக்குள்ளயே உக்காந்து செஞ்சிருப்பாங்க. மூலைல ஆப்பு இருக்கான்னு பாருங்க. நீங்களும் அதே மாதிரிதான் பண்ணணும். பகுதி பகுதியா செஞ்சு உள்ள வச்சு மாட்டணும், நாளைக்கு வேணாம்னா கழட்டி எடுத்துடலாம்.

அளவு சொல்றேன். ஹேங்கர்ல தொங்கவிடற அலமாரிக்கு உள்ஆழம் 22 இன்ச், வெளிய 24 வேணும், அதுக்குக் குறைஞ்சா சட்டை தோள்பட்டை கதவுல இடிக்கும். ஆனா மடிச்சு வைக்கிற புடவைக்கு 16 இன்ச் ஆழம் போதும், எல்லாரும் யோசிக்காம எல்லாத்தையும் 24க்கு அடிச்சுட்டு பின்னாடி இருக்கிற புடவையை மூணு வருஷம் பாக்காமயே விட்டுடறாங்க. உங்க 8 அடிய எடுத்துக்குங்க, 96 இன்ச். ஒரு பக்கம் 24, எதிர்ப்பக்கம் 16, ரெண்டு பக்கமும் சுவத்துக்கும் மரத்துக்கும் நடுவுல மூணு மூணு இன்ச் இடைவெளி, போக 50 இன்ச் மிஞ்சும். நாலடிக்கு மேல. ஐலண்ட் ஒரு மண்ணும் வேணாம், அந்த இடத்துல நின்னு தாராளமா புடவை கட்டலாம்.

சட்டை தொங்க 40 இன்ச் உயரம், சுடிதார் நீள அங்கி எல்லாத்துக்கும் 60. ஹேங்கர்ல போடற காட்டன் புடவைக்கு, அஞ்சரை மீட்டரை ரெண்டு தடவை மடிச்சு நடுவுல தொங்க விட்டா 27 இன்ச்தான் வரும், கொக்கியோட சேத்து 36 விட்டா போதும். மேல ஒரு வரிசை கீழ ஒரு வரிசை வரும்.

மரம்னா, முழுசா தேக்கு அடிக்க இன்னைக்கு விலைக்கு ஆகாது, ஆகும்னாலும் நான் சொல்ல மாட்டேன். உள்பெட்டி ஐஎஸ் 710 முத்திரை இருக்கிற பிளை (ஈரம் தாங்கற மரைன் பிளை), அதுக்கு மேல தேக்கு வெனீர் (மெல்லிசா சீவின மரத்தகடு), கதவுச் சட்டமும் முகப்பும் மட்டும் நிஜத் தேக்கு. பழைய தேக்கு கிடைச்சா இன்னும் நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இடிச்ச வீட்டு ஜன்னல், கதவு, சட்டம் எல்லாம் வரும், ஆனா போறப்ப என்னை மாதிரி ஒரு ஆளைக் கூட்டிட்டுப் போங்க, புது மரத்துக்கு சாயம் அடிச்சு பர்மா தேக்குன்னு தலைல கட்டிடுவாங்க. கையில தூக்கிப் பாத்தா, நகத்தால கீறி மோந்து பாத்தா தெரியும்.

சுண்ணாம்புச்சுவர்

மேடம், நான் சிவில். பழைய வீடு ரிப்பேர்தான் முக்கியமா பண்றேன். தம்பி மூணு இன்ச் இடைவெளின்னு சொன்னாரே, அதை யாரும் வந்து "இடம் வேஸ்ட்"னு சொல்லி ஒரு இன்ச் ஆக்கிடாம பாத்துக்குங்க, இந்தத் திரி மொத்தத்துலயும் அதான் முக்கியமான வரி.

உங்க சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். அடில நாம இப்ப போடற மாதிரி ஈரம் தடுக்கிற பூச்சு பெரும்பாலும் இருக்காது. ஐப்பசி கார்த்திகை மழைல தரைலேர்ந்து ஈரம் சுவத்துக்குள்ள மெல்ல ஏறும், அப்புறம் தை மாசி காத்துல சுண்ணாம்பு வழியா அதுவே வெளிய போயிடும். நூறு வருஷமா அந்தச் சுவர் இப்படித்தான் மூச்சு விட்டுட்டு இருக்கு. நீங்க போய் அது மேல பிளைவுட்டை ஒட்ட வச்சு அடிச்சா ஈரம் பின்னாடியே தேங்கும். முதல் மழைல ஒண்ணும் தெரியாது. ரெண்டாவது மழைல துணில ஒரு மக்கல் வாசனை. மூணாவது வருஷம் பலகையைத் தட்டினா டொக்குன்னு கேக்கும், பின்னாடி செல்லு (கரையான்) கூடு கட்டியிருக்கும். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்ட் அடிச்சாலும் இதே கதிதான், பொரிஞ்சு பொரிஞ்சு உதிரும். அடிச்சே ஆகணும்னா சுண்ணாம்பு மட்டும் அடிங்க.

ஆணி வேண்டவே வேண்டாம். அந்தப் பூச்சு அடுக்கடுக்கா பூசி கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு மெருகு ஏத்தினது, கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேத்தாங்கன்னு சொல்வாங்க. டிரில் வச்சா ஓட்டை மட்டும் விழாது, சுத்தி ஒரு தட்டு அளவுக்கு பொருக்கா பேந்து வரும், அதைத் திரும்பப் பூசற கொத்தனார் கிடைக்கிறதுக்குள்ள உங்களுக்குப் பேரன் பொறந்துடுவான். அலமாரி தன் கால்லயே நிக்கணும். சாயாம இருக்க ரெண்டு பக்க அலமாரியையும் கதவுக்கு மேல ஒரு குறுக்குச் சட்டத்தால இணைச்சுட்டா போதும், ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கும்.

தரை. ஆத்தங்குடி கல்லு சூளைல சுட்டது இல்ல, கண்ணாடி மேல கலர் ஊத்தி பின்னாடி சிமெண்டும் மணலும் போட்டு தண்ணில ஊறவச்சது. மேல் கலர் படுகை மெல்லிசுதான். கனமான அலமாரியை இழுத்தா கோடு விழுந்துடும், போகாது. அலமாரிக்குக் கால் கொடுத்து தரைலேர்ந்து ஆறு இன்ச் தூக்கி வைங்க, பெருக்கவும் முடியும், செல்லு ஏறினா கண்ணுக்கும் தெரியும். ஆசிட் வச்சு கழுவிடாதீங்க. செல்லுக்கு மருந்து அடிக்க ஆள் வருவான், வந்ததும் தரைல அடிக்கு ஒரு ஓட்டை போடறேம்பான், வெளிப்பக்கம் சுவத்தோரமா மண்ணுல இறக்கச் சொல்லுங்க.

ஃபால்ஸ் சீலிங் பத்தி ஒண்ணும் சொல்லப் போறதில்ல. தேக்கு மச்சை ஜிப்சம் போட்டு மூடறதாம். செட்டிநாட்டு ஊர்கள் 2014லேர்ந்து யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல இருக்கு, நாம இங்க அதை மூடறதும் பேக்கறதுமா இருக்கோம்.

ஜரிகை_ராணி

வளவு மருமகளே, உனக்கு என் பொண்ணு வயசு இருக்கும், அதனால வா போன்னே எழுதறேன். ஆம்பளைங்க ரெண்டு பேரும் மரத்தையும் சுவத்தையும் பத்தி நல்லாத்தான் சொன்னாங்க, ஆனா அறைக்குள்ள இருக்கப் போறது புடவை, அதைப் பத்தி நான் சொல்றேன்.

முதல்ல பட்டை ஹேங்கர்ல போடாத. காட்டன் போடு, சின்தெடிக் போடு, கண்டாங்கி தாராளமா போடு. கனமான காஞ்சிபுரம் தொங்கினா ஜரிகை வெயிட்டுல பட்டு இழுபட்டு மடிப்புல கோடு விழும். மடிச்சு வைக்கணும், ஒரு அடுக்குல ஆறுக்கு மேல வேணாம், அடில இருக்கிறது நசுங்கும். தட்டுக்குத் தட்டு பத்து இன்ச் உயரம் போதும், தட்டு நிறைய வை, அதுக்கு பதிலா ரெண்டே ரெண்டு பெரிய தட்டு வச்சு மலை மாதிரி அடுக்காத.

பிளாஸ்டிக் கவர் வேண்டவே வேணாம், கடைல கொடுக்கிற ஜிப் வச்ச கவரையும் சேத்துத்தான் சொல்றேன். வேர்வை மாதிரி உள்ள கோத்துக்கிட்டு ஜரிகை கறுத்துடும். பழைய வெள்ளை வேட்டி, நல்லா துவைச்சு கஞ்சி இல்லாம காய வச்சது, அதுல சுத்தி வை. கஞ்சி இருந்தா ராமபாணப் பூச்சி வரும், அதுக்கு அதான் சாப்பாடு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடுத்து மடிப்பை மாத்து, நிழல்ல ஒரு மணி நேரம் காத்தாட விடு. நான் ஆடிலயும் தைலயும் விடாம பண்ணுவேன், மத்த நேரம் சோம்பல்.

அந்துருண்டை போட்டா புடவை மேல படாம துணில முடிஞ்சு மூலைல வை. குழந்தைங்க இருந்தா அதுவும் வேணாம், வசம்பு போதும், தட்டி முடிச்சா கட்டிப் போடு, கூட காஞ்ச வேப்பிலை. வாசனை போச்சுன்னா மாத்தணும், எங்க அம்மா போட்ட வசம்பு இன்னும் இருக்குன்னு பெருமைப்பட்டா பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்.

அப்புறம் உளிச்சத்தம் தம்பி, தேக்குன்னு சொன்னீங்க, சரி, ஆனா வெறும் தேக்குல பட்டு படக்கூடாது, எண்ணெய்ப் பசை கறை ஆயிடும், எனக்கு ஒரு மாம்பழக் கலர் புடவை அப்படித்தான் போச்சு. தட்டுக்கு மேல காட்டன் துணி விரிக்கணும்.

பெட்டகத்தை எங்கயும் அனுப்பிடாதம்மா. அந்தக் காலத்துல அந்த அறையே அதுக்குத்தானே. சீர் சாமான், துணிமணி, வெள்ளி எல்லாம் அதுல வச்சு திண்டுக்கல் பூட்டு போட்டு சாவியை இடுப்புல சொருகிக்குவாங்க. ஜன்னலுக்குக் கீழ அதை வச்சு மேல ஒரு மெத்தை போட்டுடு, உக்காந்து கொலுசு போடலாம், உள்ள அயித்தையோட பட்டு.

உளிச்சத்தம்

ராணியம்மா சொன்னது சரி, தேக்குக்கு பாலிஷ் போடறப்ப உள்பக்கத்துக்கும் ரெண்டு கை மெழுகு பாலிஷ் போட்டு ஒரு மாசம் காய விட்டாத்தான் துணி வைக்கணும், அவசரப்பட்டு கிரகப்பிரவேச நாள்ல அடுக்கறவங்கதான் மாட்டிக்கிறாங்க. இருந்தாலும் துணி விரிச்சுக்குங்க.

கதவுக்கு ஒரு யோசனை. பலகைக் கதவு போட்டா உள்ள காத்தே போகாது. பிரம்புப் பின்னல் வச்ச கதவு போடலாம், சட்டம் தேக்கு, நடுவுல பிரம்பு. இந்த வீட்டுக்கு அது அவ்ளோ பொருந்தும், பழைய ஈசி சேர்ல பாத்திருப்பீங்களே அந்தப் பின்னல்.

ஜரிகை_ராணி

பிரம்பு பாக்க அழகு தம்பி, ஆனா தூசி? வளவு திறந்தவெளி, அறைக்கதவைத் திறந்தாலே தூசி. பல்லி முட்டை வைக்கும். என் தங்கச்சி வீட்ல போட்டுட்டு இப்ப உள்பக்கமா துணி தச்சுப் போட்டிருக்கா.

உளிச்சத்தம்

சரிம்மா, அப்ப ரெண்டு மாதிரி. ஹேங்கர் பக்கம் பிரம்பு, அதுக்குப் பின்னாடி மெல்லிசு காடா துணி. பட்டு வைக்கிற 16 இன்ச் பக்கம் பலகைக் கதவு, ஆனா கீழயும் மேலயும் மூணு விரல்கடை அளவுக்கு சாய்வுப் பட்டை, உள்பக்கம் கொசுவலைக் கம்பி. காத்து கீழ நுழைஞ்சு மேல போகும், பல்லி போகாது. இதுக்கு மேல என்கிட்ட ஐடியா இல்ல.

வளவு_மருமகள்

ஐயோ இவ்ளோ பேர் இவ்ளோ அக்கறையா எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல, ரொம்ப நன்றி. பெட்டகத்துல ஆப்பு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாத்தேன், இருக்கு! நாலு மூலைலயும். அயித்தை "அது உங்க மாமாவோட அப்பத்தா சீரா கொண்டு வந்தது, கழட்டி ரெண்டு மாட்டு வண்டில வந்துச்சாம்"னு இப்பத்தான் சொல்றாங்க, இத்தனை வருஷம் சொல்லவே இல்ல.

ஆனா ஒரு விஷயம் நான் முதல்ல எழுதாம விட்டுட்டேன். வீடு எங்களோடது மட்டும் இல்ல. நாலு பங்கு. மத்த மூணு பேர் சென்னை, சிங்கப்பூர், பெங்களூர்னு இருக்காங்க, வருஷத்துக்கு ஒரு தடவை சாமி கும்பிட வருவாங்க. அறை எங்க பங்குல வர்றதுதான், ஆனா ஏதாச்சும் மாத்தினா பேச்சு வருமோன்னு வீட்டுக்காரர் யோசிக்கிறார். இது வீட்டு விஷயம், இங்க எழுதலாமான்னு தெரியல.

பங்காளி_நம்பர்_3

இங்க எழுதாம வேற எங்க எழுதுவீங்க, பாதிப் பேர் வீட்லயும் இதே கதைதான் 😄 எங்க வீட்ல ஏழு புள்ளி (பங்குள்ள குடும்பம்). நான் மூணாவது.

எங்க வீட்ல நடந்ததைச் சொல்றேன். ஒரு அண்ணன் தன் அறைல சுவத்தோட சேத்து கடப்பா கல் வச்சு சிமெண்ட்ல அலமாரி கட்டிட்டார், யாருகிட்டயும் கேக்கல. படைப்புக்கு (முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடறது) எல்லாரும் வந்தப்ப ஒருத்தர் "சுவரை உடைச்சிருக்கியே, அந்தப் பக்கம் என் அறை"ன்னார். அவ்ளோதான், அன்னைக்குச் சாப்பாடு பூரா யாரும் யாருகிட்டயும் பேசல, பாயசம் கூட ரெண்டாவது தடவை கேக்கல யாரும். இப்ப வரைக்கும் அந்த அலமாரி ஒரு கேஸ் மாதிரி நிக்குது. கேஸே போயிருந்தா கூட முடிஞ்சிருக்கும்.

அதனால, ஆணி அடிக்காம கழட்டி மாட்ற அலமாரின்னு மேல சொன்னாங்களே, அது சுவத்துக்கு மட்டும் நல்லது இல்ல, உங்களுக்கும் நல்லது. அது சாமான், கட்டடம் இல்ல. பீரோ வாங்கி வச்ச மாதிரி. அந்த அறைங்கள்ல அவங்கவங்க சாமான் வச்சுக்கிறது காலங்காலமா இருக்கிறதுதானே, அந்தந்தப் புள்ளியோட சீரும் செனத்தியும் அதுக்குள்ளதான் பூட்டி இருந்துச்சு. யாரும் கேள்வி கேக்க முடியாது. ஆனாலும் வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு போட்டோ போட்டு "அறையைச் சுத்தம் பண்ணி அலமாரி வைக்கிறோம், சுவர் தரை எதையும் தொடல"ன்னு ஒரு வரி உங்க வீட்டுக்காரரை விட்டு எழுதச் சொல்லுங்க. நீங்க எழுதாதீங்க, மருமகள் எழுதினா வேற மாதிரி படிப்பாங்க.

வாஸ்துன்னு ஒருத்தர் கண்டிப்பா வருவார். பீரோ தென்மேற்கு மூலைல வடக்கு பாத்து வைக்கணும்பாங்க. இரும்பு பீரோ அப்படியே இருந்தா அப்படியே விடுங்க, பிரச்சனை முடிஞ்சது.

மெர்குரி_கண்ணாடி

லேட்டா வர்றேன். யாரும் லைட்டையும் கண்ணாடியையும் தொடவே இல்லையே, டிரெஸ்ஸிங் ரூம்ல அது பாதி வேலை ஆச்சே.

கண்ணாடிக்கு ஆறடி ஏழடின்னு போக வேணாம். முழு உருவமும் தெரிய நம்ம உயரத்துல பாதி இருந்தா போதும், இது ஸ்கூல் பிசிக்ஸ்தான், தள்ளி நின்னாலும் கிட்ட நின்னாலும் அதே பாதிதான். அஞ்சடி நாலு இன்ச் ஆளுக்கு 32 இன்ச் கண்ணாடி, தரைலேர்ந்து 30 இன்ச் உயரத்துல ஆரம்பிச்சா உச்சந்தலைலேர்ந்து கொசுவம் முனை வரைக்கும் தெரியும். வீட்ல உயரமானவங்க குட்டையானவங்க எல்லாருக்கும் சேத்து 24 இன்ச்ல ஆரம்பிச்சு நாலடி கண்ணாடி வச்சா தாராளம். உங்க பீரோ கதவுலயே கண்ணாடி இருக்குன்னு எழுதியிருக்கீங்க, முதல்ல அதை அளந்து பாருங்க, புதுசு வாங்கவே வேண்டி இருக்காது. முனீஸ்வரன் கோயில் தெருவுல பெல்ஜியம் கண்ணாடின்னு வேலைப்பாட்டுச் சட்டத்தோட கிடைக்கும், அழகுதான், ஆனா பழசுல ரசம் போயி திட்டுத் திட்டா இருக்கும், அதைப் பாத்து பொட்டு வச்சா மூக்குலதான் வைப்பீங்க. அழகுக்கு வேணா ஒண்ணு சாய்ச்சு வைங்க.

லைட்டை தலைக்கு மேல மட்டும் போடாதீங்க, கண்ணுக்குக் கீழ நிழல் விழுந்து எல்லாரும் மூணு நாள் தூங்காத மாதிரி தெரிவாங்க. கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் முக உயரத்துல ஒவ்வொண்ணு. எல்இடி வாங்கறப்ப 4000 கெல்வின் (வெளிச்சத்தோட நிறம்), சிஆர்ஐ (துணி நிறம் எவ்ளோ நிஜமா தெரியும்ங்கற அளவு) 90க்கு மேலன்னு கேட்டு வாங்குங்க. மஞ்சள் லைட்டுல அரக்கும் மெரூனும் ஒண்ணாத்தான் தெரியும், பிளவுஸை மாத்திப் போட்டுட்டு கல்யாண வீட்டு வாசல்ல வெயில்ல வந்து நிக்கிறப்பத்தான் தெரியும், அனுபவம்.

ஒயரிங் சுவரை வெட்டி உள்ள விடாதீங்க. பழைய வீட்ல மரப்பட்டி மேல ஒயர் ஓடும், அதே மாதிரி இப்பவும் மரத்துலயே மூடி வச்ச பட்டி செஞ்சு கதவு நிலையோரமாவும் அலமாரி முதுகுலயும் கொண்டு போகலாம். பழைய ஒயர் துணி சுத்தினதா இருந்தா மொத்தமா மாத்திடுங்க, அதுல மட்டும் பழமை வேணாம்.

சுண்ணாம்புச்சுவர்

இதோட ஒண்ணு சேத்துக்குங்க. ஜன்னலை மறைச்சு அலமாரி வைக்கக்கூடாது, அலமாரி உயரம் ஏழடியோட நிக்கணும். 12 அடி இருக்கேன்னு லாஃப்ட் அடிக்காதீங்க. மேல அந்த அஞ்சடி வெறுமையா கிடந்தாத்தான் சூடு மேல போகும், மச்சும் கண்ணுக்குத் தெரியும். பகல்ல அறைக்கதவு கொஞ்ச நேரம் திறந்து இருக்கட்டும். மழை மாசம் மட்டும் பீரோக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போடுங்க, இரும்பு பீரோ ஈரத்தை உள்ளயே வச்சுக்கும்.

வளவு_மருமகள்

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்குங்க, நடுவுல அயித்தைக்குக் காய்ச்சல்.

குரூப்ல வீட்டுக்காரர் எழுதினார். பெங்களூர்லேர்ந்து ஒரு தம்ஸ்அப், சென்னைலேர்ந்து ஒண்ணும் இல்ல, சிங்கப்பூர் அக்கா மட்டும் போன் பண்ணி "எனக்கும் ஒரு தட்டு விட்டு வை, வர்றப்ப புடவை வைக்க"ன்னாங்க. இதைச் சம்மதம்னு எடுத்துக்கறதா, இடம் பிடிக்கறதா எடுத்துக்கறதான்னு இன்னும் வீட்ல விவாதம் நடக்குது.

ஒரு ஆசாரி வந்து அளந்துட்டுப் போனார். ஒரு பக்கம் 24 இன்ச், எதிர்ப்பக்கம் 16, சுவத்துலேர்ந்து மூணு இன்ச் தள்ளி, காலுக்கு ஆறு இன்ச், ஏழடி உயரம், எல்லாம் கழட்டி மாட்ற மாதிரி. அவர் இடைவெளியை ஒரு இன்ச் ஆக்கிடலாமேன்னு அப்படியே கேட்டார் சுண்ணாம்புச்சுவர் சார், எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. கதவு ராணியம்மாவும் உளிச்சத்தம் தம்பியும் சண்டை போட்டு முடிவு பண்ண மாதிரியே ரெண்டு விதம்.

பீரோ கண்ணாடியை அளந்தேன், 40 இன்ச் இருக்கு, ஆனா தரைலேர்ந்து 33ல ஆரம்பிக்குது. கொசுவத்துக்கு மட்டும் மூணு இன்ச் குறையுது. பீரோவைக் காலைக் கழட்டி இறக்கலாமா, இல்ல நான் ஒரு மனைப்பலகை மேல ஏறி நிக்கலாமா? ஏறினா நானும்தானே உயரமாவேன், கணக்கு எந்தப் பக்கம் போகும்னு புரியல, மெர்குரி கண்ணாடி சார் சொல்லுங்க.

மெர்குரி_கண்ணாடி

மனைப்பலகை மேல ஏறினா கண்ணும் ஏறும் பாதமும் ஏறும், அஞ்சு இன்ச் பலகைன்னா தேவைப்படற இடமும் அஞ்சு இன்ச் மேல போயிடும். அதனால உங்களுக்கு இப்ப 30ல ஆரம்பிக்கணும்னா பலகை மேல 35. கண்ணாடி 33லயே இருக்கறதால கொசுவம் தெரியும், மேல 73 வரைக்கும் இருக்கிறதால தலையும் தெரியும். பீரோ காலைக் கழட்ட வேணாம், அடில ஈரம் ஏறும். பலகை போதும், ஆனா வழுக்காம அடில ரப்பர் ஒட்டிக்குங்க, ஆத்தங்குடி கல்லு எண்ணெய் போட்டுத் துடைச்ச அன்னைக்கு ஐஸ் மாதிரி இருக்கும்.

ஜரிகை_ராணி

வேலை முடிஞ்சதும் போட்டோ போடும்மா. சிங்கப்பூர் அக்காவுக்குத் தட்டு கொடுத்துடு, ஆனா மேல் தட்டா கொடு, எட்டாது.